தசைநார் போர்த்திய குட்டை வில்



நெட்டை வில்லைவிடக் குட்டை வில் முறிந்துபோகும் வாய்ப்பு அதிகம். நாணை ஒரே தூரம் இழுத்தாலும் குட்டை வில்தான் கூடுதலாக வளைகிறது. அப்போது எய்பவரை நோக்கிய பக்கம் அழுந்துகிறது. இலக்கை நோக்கிய முதுகுப் பக்கம் இழுபடுகிறது. இழுபடும் அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் விரிசல் விழும்.

இதற்கு வட அமெரிக்கப் பழங்குடிகள் பலர் கையாண்ட வழி, வில்லின் முதுகில் விலங்கின் தசைநாரை ஒட்டுவது. கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சியவராக அறியப்படும் இஷி, 1911-இல் வெளியுலகுக்கு வந்தார். அவர் வில் செய்த விதத்தைக் கூடவே இருந்து பார்த்து எழுதிவைத்தவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர்.

மரம், மலை ஜூனிப்பர். தசைநார், மானுடையது. பசை, சால்மன் மீன் தோலைக் காய்ச்சி எடுத்தது. உலர்ந்த தசைநாரை இழை இழையாகப் பிரித்து, வாயில் மென்று மிருதுவாக்கி, செதுக்கிய வில்லின் முதுகில் நீளவாக்கில் படிய ஒட்டுவார். பிறகு பல நாள் காயவிட வேண்டும். காயக் காய தசைநார் சுருங்கி, வில்லின் இரு முனைகளையும் முன்பக்கமாக இழுக்கும். நாணேற்றும்போது அதை எதிர்த்து வளைப்பதால் வில்லின் விசையும் கூடும்.

பெரும் சமவெளியில் குதிரைமீது வேட்டையாடியவர்களுக்கு இத்தகைய குட்டை வில் மிகவும் வசதி. ஆனால் ஈரம் பட்டால் தசைநாரும் பசையும் இளகிவிடும். அதனால் மழைக்காலத்தில் வில்லை உறையிலிட்டுக் காத்தார்கள்.