பிரேக் பேட், டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாமா? இந்த வரிசையை மட்டும் விட்டுடாதீங்க!

பிரேக்கை மிதித்தாலே 'கீச்'னு ஒரு சத்தம். 'அப்புறம் பாத்துக்கலாம்'னு பாட்டு வால்யூமைக் கூட்டி வைக்கிற ஆளா நீங்க? அந்தச் சத்தம் உங்க கார் கொடுக்கிற வார்னிங். பல பிரேக் பேடுகளில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி இப்படிக் கத்தும். இப்போதே கவனித்தால் பேடு செலவோடு போகும். 'கரகர' சத்தம் வரும்வரை விட்டால் இரும்போடு இரும்பு உரசி டிஸ்க்கும் காலி!

மழையில் நின்ற காரை மறுநாள் எடுக்கும்போது முதல் சில பிரேக்குக்கு மட்டும் உரசல் கேட்டால் பயம் வேண்டாம். அது டிஸ்க்கில் படிந்த மேல் துரு. தானாகவே போய்விடும்.

மாற்றணுமா, வேணாமா?

நம்ம ஊர் சின்ன கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். இங்கே நாம் பார்ப்பது முன்பக்க டிஸ்க் பிரேக் மட்டும். புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெளிப்பக்க பேடுதான் தெரியும். உள்பக்க பேடு அதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் பாருங்கள்.

ரோட்டார் எனப்படும் டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்ச தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தாலோ, ஆழமான கோடுகள், வெடிப்பு இருந்தாலோ மாற்றியே ஆகணும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறுவதும் டிஸ்க் சீராக இல்லை என்பதற்கான அறிகுறி. பேடோ, டிஸ்க்கோ, இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றணும். இல்லைன்னா கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

முதல்ல சேஃப்டி!

சமதளமான இடம், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை அண்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக் போடுங்கள். காரோடு வரும் ஜாக் ஸ்டெப்னி மாற்றுவதற்கானது. அதை மட்டும் நம்பி வேலை பார்க்காமல், கீழே கண்டிப்பாக ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் வேண்டவே வேண்டாம், பாரத்தில் சட்டென்று நொறுங்கிவிடும்.

வேலையை ஆரம்பிக்கலாம்

1. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். பிரிக்கும் முன் மொபைலில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டால், எது எங்கே இருந்தது என்ற குழப்பம் வராது.

2. போல்ட்டுகளைக் கழற்றி காலிப்பரை எடுத்ததும் அதை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் சேதமாகிவிடும்.

3. டிஸ்க்கை மாற்றுவதாக இருந்தால், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்றணும். துருவால் டிஸ்க் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். ஹப்பில் உள்ள துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடைத்த பிறகுதான் மாட்டணும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள்.

4. புது பேடு தடிமனாக இருப்பதால், காலிப்பர் பிஸ்டனை சி-கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளணும். அப்போது பிரேக் ஆயில் டேங்கில் அளவு ஏறும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போயிடும், கவனம்!

5. காலிப்பர் நகரும் பின்களுக்கு, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பேடின் உராயும் பக்கத்தில் ஒரு சொட்டு கிரீஸ்கூடப் படக்கூடாது. போல்ட்டுகளை எவ்வளவு இறுக்கணும் என்ற அளவு காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரென்ச்சால் அதே அளவுக்கு இறுக்குங்கள்.

இதை மறந்தா ஆபத்து!

இரண்டு பக்கமும் முடித்து, காரை இறக்கி, வீல் நட்டுகளை இறுக்கிய பிறகு வண்டியை உடனே நகர்த்தாதீர்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியதால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முதல் மிதியில் பெடல் கீழே வரை போகும், பிரேக் பிடிக்கவே பிடிக்காது! நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி டெஸ்ட் பண்ணுங்கள்.

அடுத்து, காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைப்பதை எட்டு, பத்து முறை இடைவெளி விட்டுச் செய்தால் பேடும் டிஸ்க்கும் நன்றாகப் பொருந்திவிடும். புது பேடு போட்ட கையோடு கொடைக்கானல் டிரிப் வேண்டாம் மக்களே!

எப்போது மெக்கானிக்கைக் கூப்பிடணும்?

பிரேக் ஆயில் கசிவு, பிஸ்டன் ரப்பரில் கிழிசல், ஹோஸில் விரிசல், மிதித்தால் பஞ்சு போல அமுங்கும் பெடல், எரியும் ஏ.பி.எஸ். விளக்கு... இதில் ஒன்று இருந்தாலும் நீங்களே ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள பின்சக்கர டிஸ்க்கையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

நீங்களே மாற்றப்போவதில்லையா? அப்போதும் அந்த 3 மி.மீ. கணக்கை ஞாபகம் வையுங்கள். அடுத்த சர்வீஸில் 'டிஸ்க்கும் மாத்தணும் சார்' என்றால், 'எவ்வளவு தடிமன் இருக்கு, அளந்து காட்டுங்க' என்று தைரியமாகக் கேட்கலாம்!