பீரங்கிக்கு முந்தியது ஏரா

சிலாவத்துறையில் பைபர் படகு செய்கிறவன் நான். படகு கேட்டு வருகிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் விசாரிப்பார்கள். "நானா, இதுக்கு நாப்பது பூட்டலாமா?" என்பார்கள். "அது கிடக்கட்டும் தம்பி. நண்டு வலைக்கா, சூடை வலைக்கா? எவ்வளவு தூரம் போவீங்க? சோளகத்திலயும் இறக்குவீங்களா?" என்று நான் கேட்பேன். அதற்குப் பதில் வந்த பிறகுதான் அச்சைப் பற்றிய பேச்சே. கடற்படையின் ரோந்துக் கப்பலுக்கும் இதே வரிசைதான் என்பது என் கட்சி. வேலை எது, கடல் எது, உடல் எப்படி, ஆயுதம் எது என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். ஆயுதத்தில் தொடங்கினால் மற்றதெல்லாம் கோணலாகும்.

 

உடலை எடுத்துக்கொள்வோம். தண்ணீரைப் பிளந்து ஓடும் எந்தக் கலமும் தான் எழுப்பும் அலைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கலம் நீளமாக இருந்தால் அந்த அலையும் நீளும், வேகமும் கூடும். நீர்மட்ட நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் சிரமமில்லாமல் ஓடக்கூடிய வேகம் கடல் மைலில் கிடைக்கும். எங்கள் பதினெட்டரை அடிப் படகுக்கு மணிக்கு ஆறு மைல்கூட வராது. 100 மீற்றர்க் கப்பலுக்கு 24 வரும். இந்தியாவின் கோவா கப்பல் கட்டுந்தளத்தில் இலங்கைக்கென்றே கட்டி, 2017 ஓகஸ்டில் சேவையில் சேர்த்த 'சயுரால' ஏறக்குறைய 106 மீற்றர் நீளம். அதன் தங்கை 'சிந்துரால' அடுத்த ஆண்டு வந்தது. இவ்வளவு நீளம் பகட்டுக்கு அல்ல. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்க எண்ணெய், தண்ணீர், சாப்பாடு, ஆட்கள், ஹெலிகொப்டர் தளம் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். நீண்ட உடல் பேரலையிலும் குறைவாகத்தான் குத்தும்.

அந்த வேக வரம்பை மீற இன்னொரு வழி இருக்கிறது. அடியை 'வி' வடிவில் தட்டையாக்கி, பெரிய எஞ்சின் பூட்டி, எறிந்த ஓட்டாஞ்சில்லுபோல நீர்மேல் சறுக்க விடுவது. எங்கள் படகுகளும் அப்படித்தான் ஓடுகின்றன. இஸ்ரேலிலிருந்து வந்த டிவோரா வேகத் தாக்குதல் படகுகள் மணிக்கு 40 கடல் மைலுக்கு மேல் பறந்ததும் அப்படியே. ஆனால் அது எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும். கடல் முரண்டினால் உள்ளே இருப்பவரின் முதுகெலும்பு சொல்லும் கதையை.

தூரம்தான் முக்கியம் என்பதை 2007 காட்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும், தேவேந்திரமுனையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைலுக்கு அப்பால், விடுதலைப் புலிகளின் ஆயுதக் கப்பல்களைக் கடற்படை மூழ்கடித்தது. அந்த வேலைக்குப் போன கடற்படைக் கப்பல்களில் ஒன்று 'சயுர'. விசாகப்பட்டினத்தில் கட்டி, 2000இல் இந்தியாவிடமிருந்து வாங்கியது. இன்னொன்று 'சமுதுர', 1960களில் அமெரிக்கக் கரையோரக் காவல்படைக்குக் கட்டிய பழைய உடல். இரண்டிலும் ஏவுகணை கிடையாது. அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடிந்ததுதான் அவற்றின் பலம். அந்த யுத்தத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், கப்பல் கட்டுகிறவன் கண்ணுக்கு இது தெளிவு.

ஆயுதத்துக்கு வருகிறேன். உலகம் முழுவதும் ரோந்துக் கப்பல்களின் அணியத்தில் காணப்படும் இத்தாலிய ஒட்டோ மெலாரா 76 மில்லிமீற்றர் பீரங்கி, நிமிடத்துக்கு 85 குண்டு சுடும். குண்டு இல்லாமலே அது ஏழரைத் தொன். அந்தப் பாரம் தளத்துக்கு மேலே ஏறுகிறது. மேலே பாரம் கூடினால் கப்பல் ஆடும். ஆட்டத்தைச் சமாளிக்க அகலம் வேண்டும், அகலம் கூடினால் எண்ணெய்ச் செலவும் கூடும். பிறகு குறிபார்க்கும் ராடார், அதைப் பராமரிக்கத் தனி ஆட்கள். நம் கடற்படைக்கு அமெரிக்கா தந்த 'கஜபாகு' எந்த வகுப்போ, அதே வகுப்பைச் சேர்ந்த அமெரிக்கக் கரையோரக் காவல்படைக் கப்பல் 'மெலன்' 1990இல் ஹார்பூன் ஏவுகணைகூடச் சுட்டுப் பார்த்தது. பனிப்போர் முடிந்ததும் ஏவுகணைகளைக் கழற்றிவிட்டார்கள். கப்பல்கள் முப்பது ஆண்டுக்குக் கிட்ட அவை இல்லாமலே ரோந்து போயின.

என்னைக் கேட்டால், அலையில் ஆடினாலும் குறி தவறாத 25 அல்லது 30 மில்லிமீற்றர் துப்பாக்கி ஒன்று போதும். மிச்சப் பணத்தைச் சிறு படகுகளை இறக்கி ஏற்றும் வசதியிலும் தண்ணீர் பீரங்கியிலும் போடலாம். 2020இல் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பலும் 2021இல் 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பலும் எரிந்தபோது தேவைப்பட்டது தண்ணீரும் நுரையும்தான்.

ஆனால் இந்தப் பெரிய கப்பல் எதுவும் எங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. மன்னார்த் தீவுக்கு வடக்கே பாக்கு நீரிணை பல இடங்களில் பத்து மீற்றர் ஆழம்கூட இல்லை. 'கஜபாகு' தண்ணீருக்குள் நாலரை மீற்றர் அமிழும். மணல்திட்டு நிறைந்த அந்தக் கடலில் 115 மீற்றர்க் கப்பலை வைத்து என்ன செய்வது? எதிர்க்கரையில் மண்டபத்தில் இந்தியக் கரையோரக் காவல்படை மணல்மேலும் ஏறிப் போகும் மிதவையூர்திகளை வைத்திருக்கிறது. இடம் பார்த்து எடுத்த முடிவு அது, இரைச்சல் காதைக் கிழித்தாலும்.

எங்கள் பிரச்சினை வேறு. மன்னார்த் தீவின் பேசாலைக்காரரின் வலையை அறுப்பது எதிர்க்கரையிலிருந்து இரவில் வரும் இழுவைப் படகு. கடலடியைச் சுரண்டும் அந்தத் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. கடலில் அதைத் தடுக்கப் போகும்போதுதான் ஆபத்து. 2024 யூனில் இழுவைப் படகொன்றைப் பிடிக்கப் போன கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி, கடற்படைக் கலத்தோடு மோதிய படகிலிருந்த இராமேசுவரம் மீனவர் ஒருவர் இறந்தார். இருபக்கமும் கூலிக்கு வேலை செய்யும் மனிதர்கள். எந்த அளவுப் பீரங்கி இவர்களைக் காப்பாற்றியிருக்கும்? மரப்படகின் இரும்பு முனையோடு உரசும் வேலைக்கு, சுற்றிவரக் காற்று ரப்பர் வளையமுள்ள, சுழலி வெளியே நீட்டாமல் நீரைப் பீய்ச்சி ஓடும், நின்ற இடத்தில் திரும்பும் சிறு கலம் வேண்டும். நீதிமன்றத்தில் எல்லையை நிரூபிக்க இரவில் பார்க்கும் கமெராவும் இடம் பதியும் கருவியும் வேண்டும்.

அடுத்த கப்பலை எந்த நாடு இனாமாகத் தந்தாலும் வாங்கட்டும், ஆழ்கடலுக்கு அதுவும் தேவை. வடகடலுக்கென்று தனியாகக் காசு ஒதுக்குங்கள். என்ன கலம் என்று முடிவெடுக்கும் முன் பேசாலையிலும் தலைமன்னாரிலும் வலை இழுக்கிறவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பேசுங்கள். அந்தத் தண்ணீரின் ஆழம் அவர்களுக்குத்தான் சாண் சாணாகத் தெரியும்.