குட்டியில் விட்டதைக் கடாவில் பிடிக்க முடியுமா?



தோட்டத்தில் ஆடு, மாடு வளர்க்கும் நம்மவர்கள் சொல்வதுண்டு: "இப்போ கையில காசு இல்ல, சம்பளம் வந்ததும் நல்லாத் தீனி போட்டுத் தேத்திக்கலாம்." இதில் பாதி உண்மை, பாதி தவறு.

உடம்பில் சதை என்பது கட்டி முடித்த சுவர் அல்ல. தினமும் ஒரு பக்கம் பழைய புரதம் கரைகிறது. மறுபக்கம் புதியது சேருகிறது. வளரும் குட்டிக்குச் சேருவதே அதிகம். தீனி குறைந்தால் முதலில் தளர்வது இந்தக் கட்டும் வேலைதான். ஈரலும் குடலும் சிறுக்கும், பிறகு சதையும் கரையும்.

மறுபடி வயிறாரப் போட்டால் ஈரலும் குடலும் முன்னே தேறும். சதை பின்னே வரும். சில காலம் வளர்ச்சி வழக்கத்தைவிட வேகமாகவே ஓடும். ஆனால் வெறும் மரவள்ளிக் கிழங்காகவே போட்டால் கொழுப்புதான் ஏறும். சதைக்குப் புரதம் வேணும். காய்ந்து கிடந்த ஆட்டுக்கு ஒரே நாளில் தானியத்தை அள்ளிக் கொட்டினால் வயிறு புளித்துச் செத்தும் போகும். கொஞ்சங் கொஞ்சமாகத்தான் கூட்டணும்.

சரி, தவறான பாதி எது? பட்டினி எந்த வயதில் வந்தது என்பதை மறப்பதுதான்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மெக்கான்ஸ், எல்சி விடோசன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் பார்த்தார்கள். ஒரு தாய்க்கு 3 குட்டிகள். இன்னொரு தாய்க்கு 15 முதல் 20 வரை. மூன்று வாரம் பால் குடித்த பின் எல்லாவற்றுக்கும் வேண்டிய மட்டும் தீனி. பால் போதாமல் வளர்ந்தவை கடைசிவரை சிறுத்தே இருந்தன. இது 1960-இல் வெளிவந்தது. 1963-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், 9 வாரம் வளர்ந்த பிறகு 3 வாரம் அரைவயிறாகக் கிடந்த எலிகளோ, தீனி கிடைத்ததும் மற்றவற்றை எட்டிப் பிடித்தன.

எலிக் கணக்கை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் போட முடியாதுதான். ஆனால் வயிற்றில் இருக்கும் காலமும் முதல் 2 வயதும் மிக முக்கியம் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். சம்பளம் போதாத வீட்டில் முதலில் குறைவது எது? முட்டை, மீன், பருப்பு! செலவைச் சுருக்கினாலும் சூலியின் தட்டிலும், பால் கொடுக்கும் தாயின் தட்டிலும், சின்னப் பிள்ளையின் தட்டிலும் கை வைக்காதீர்கள்.

சம்பளப் பேச்சு இழுக்கும்போது நாம் அவசரப்படுவதாகச் சிலர் சொல்கிறார்கள். பாக்கிச் சம்பளத்தைப் பின்னால் வாங்கிவிடலாம். பிள்ளை வளர வேண்டிய காலத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?