காட்சிக் கலை மாணவர்கள் கிழித்தெறியக் கூடாத பக்கங்கள்

எஸ்.பி.எம். தேர்வுக்குக் காட்சிக் கலைக் கல்வியை எடுத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் குப்பைக்கூடையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். கசக்கிப் போட்ட வரைதாள்கள் அதில் நிரம்பிக் கிடக்கும். கோடு கோணியது, நிறம் ஒழுகியது, அளவு தப்பியது. ஃபோலியோ எனப்படும் படைப்புத் தொகுப்பில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய பக்கங்கள் பெரும்பாலும் அவைதாம்.

ஃபோலியோ என்பது அழகான படங்களை ஒட்டி வைக்கும் ஏடு என்றே பல பெற்றோர் நினைக்கின்றனர். மாணவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கின்றனர். உண்மையில் அது ஒரு வடிவமைப்பு எப்படிப் பிறந்தது என்பதற்கான பதிவு. கருப்பொருளை ஏன் தேர்ந்தெடுத்தோம், எதையெல்லாம் பார்த்து ஆராய்ந்தோம், முதல் வரைவில் என்ன இருந்தது, எது ஏன் மாறியது, எந்தப் பொருளைச் சோதித்தோம், முடிவில் கிடைத்தது பயன்பட்டதா என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். தன் பணியைத் தானே திரும்பிப் பார்த்து எழுதும் பகுதியும் அதில் உண்டு. மாணவர்கள் கடைசி இரவில் அவசரமாக எழுதி முடிப்பது இந்தப் பகுதியைத்தான்.

நுண்கலை, காட்சித் தொடர்பு, வடிவமைப்பு, கைவினை ஆகியவை இப்பாடத்தின் களங்கள். சுவரொட்டி, பொட்டலம், பத்தேக் துணி, நாற்காலி எல்லாம் இதற்குள் அடங்கும். நன்றாக வரையும் கை மட்டும் இதற்குப் போதாது.

சிலாங்கூரில் தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக் குடியிருப்புக்கு மாறிய குடும்பம் ஒன்றின் மகள், படிவம் 5 மாணவி, இவ்வாண்டு மூன்று பணிகளைச் செய்து முடித்திருக்கிறார். அவரது ஏட்டில் கிழிக்கப்படாமல் தப்பிய பக்கங்களைப் புரட்டினால் இந்தப் பாடம் என்ன கற்றுத் தருகிறது என்பது விளங்கும்.

முதல் பணி டெங்கி விழிப்புணர்வுச் சுவரொட்டி. தமிழில் ஒரு வரி சேர்க்க விரும்பினார். கணினியில் தட்டச்சு செய்தபோது சரியாக இருந்த வரி, வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் உடைந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. நம் திருவிழாப் பதாகைகளிலும் திருமண வாழ்த்துப் பலகைகளிலும் அடிக்கடி காணும் அதே கோளாறுதான். எழுத்துகளைச் சரியான வரிசையில் கோக்கும் வசதி அந்த மென்பொருளில் இயங்காதபோது இப்படி நேர்கிறது. மாணவி முதலில் தமிழ் வரியையே எடுத்துவிட்டார். பிறகு அந்த எழுத்துகளைக் கையால் வரைந்து, படமாகச் சேர்த்தார். அப்போதுதான் ‘டெ’ என்ற எழுத்தின் சுழிக்கும் கொசுவின் வளைந்த காலுக்கும் ஒற்றுமை இருப்பது அவர் கண்ணில் பட்டது. சுவரொட்டியின் மையமே பிறகு அதுவாகிவிட்டது.

தமிழ் எழுத்துரு வடிவமைப்பில் மலேசியர்களுக்குத் தனி இடம் உண்டு. ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதி எழுத்துருவை வடிவமைத்தவர் நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன். வடிவமைப்பு என்ற சொல்லுக்குள் இப்படியும் ஒரு துறை இருப்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லலாம்.

இரண்டாவது பணி பத்தேக். மூன்றில் இதுதான் அவரை அதிகம் அலைக்கழித்தது. பாட்டி வாசலில் போடும் சிக்குக் கோலத்தைத் துணியில் கொண்டுவர நினைத்தார். கேட்பதற்கு எளிமையான எண்ணம். ஆனால் கோலமாவும் மெழுகும் ஒன்றல்ல.

பத்தேக்கில் தேன்மெழுகு, பாரஃபின், குங்கிலியம் போன்றவற்றைக் கலந்து உருக்கி, சந்திங் என்னும் சிறு மூக்குள்ள கருவியால் துணியில் கோடு இழுப்பார்கள். மெழுகுக் கோடு சாயத்துக்கு வேலி. வேலிக்குள் பூசிய நிறம் வெளியே போகக்கூடாது. பிறகு சாயம் நிலைக்க சோடியம் சிலிக்கேட் பூசி, ஊறவைத்து அலசி, கொதிநீரில் போட்டு மெழுகை நீக்குவார்கள். மெழுகு அதிகம் சூடேறினால் கோடு பரந்துவிடும். ஆறிப்போனால் துணியின் மேலேயே தங்கிவிடும். சாயம் அடிவழியே நுழைந்துவிடும்.

சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வது. ஆகவே வேலிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்று மாணவி கணக்குப் போட்டார். கணக்குச் சரிதான். இருந்தும் முதல் துணியில் சிவப்பு நிறம் மஞ்சளுக்குள் பாய்ந்தது. துணியைத் தூக்கியெறியப் போனவரை ஆசிரியர் தடுத்து, நிறம் ஒழுகிய இடங்களை ஒவ்வொன்றாக வட்டமிடச் சொன்னார். ஐந்து இடங்கள். ஐந்தும், சந்திங்கில் மெழுகு தீர்ந்து, மறுபடி நிரப்பிக்கொண்டு கோட்டைத் தொடர்ந்த இடங்கள்.

கோலமாவில் கை நின்று, அடுத்த சிட்டிகை எடுத்துத் தொடர்ந்தால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. மெழுகில் அந்த நூலளவு இடைவெளியே சாயத்துக்கு வாசல். அடுத்த துணியில் அவர் கோடுகள் வளையும் முனையில் நிறுத்தாமல் நேராக ஓடும் இடத்தில் நிறுத்தினார். இணைப்பில் பழைய கோட்டின்மேல் சிறிது ஏற்றிப் புதிய கோட்டைத் தொடங்கினார். துணியைத் திருப்பி, மெழுகு மறுபக்கம் வரை ஊடுருவாத இடங்களில் பின்னாலிருந்தும் பூசினார். ஒழுகிய துணியின் ஒரு துண்டு, ஐந்து வட்டங்களோடு ஃபோலியோவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த ஏட்டிலேயே மிகச் சிறந்த பக்கம் அதுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃபோலியோவை மலாய் மொழியில் எழுத வேண்டும். புள்ளி, சிக்கு, கம்பி என்று பாட்டி சொல்லும் சொற்களுக்கு மலாயில் நேர்ச்சொல் கிடைக்கவில்லை. தமிழ்ச் சொற்களை அப்படியே எழுதி, பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார். பாட்டியிடம் மறுபடி மறுபடி கேட்டுத்தான் அந்த விளக்கம் தெளிவானது.

மூன்றாவது, தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் அம்மாவுக்கான உணவுப் பை. முதல் வரைவில் மயில் இருந்தது, குஞ்சம் இருந்தது. அளவு மட்டும் இல்லை. மணிலா அட்டையில் செய்த மாதிரியை அம்மா விடியற்காலைப் பேருந்துக்கு எடுத்துப் போனார். மாலையில் அட்டை குழம்பில் ஊறித் திரும்பியது. பையின் அடிப்பாகம் டப்பாவைவிடக் குறுகலாக இருந்ததால் டப்பா சாய்ந்துவிட்டது. யாருக்காகச் செய்கிறோமோ அவர் கையில் கொடுத்துப் பார்ப்பது வடிவமைப்பின் அடிப்படை விதி. அந்த விதியை மாணவிக்குப் புரியவைத்தது குழம்புக் கறைதான். இரண்டாவது பையை, கோயில் திருவிழா முடிந்து கழற்றிய பழைய பதாகைத் துணியில் தைத்தார். நீர் புகாது, கிழியாது, காசும் இல்லை. சாமி படம் அச்சாகியிருந்த பகுதியை வெட்டி எடுத்துக் கோயிலிலேயே கொடுத்துவிட்டு, மிச்சத்தின் வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்தார்.

இவற்றைத் திரும்பிப் பார்த்து எழுதும்போதுதான் பல மாணவர்கள் தடுமாறுகின்றனர். இந்தப் பணி மகிழ்ச்சி அளித்தது, நேரம் போதவில்லை, ஆசிரியருக்கு நன்றி என்று மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுகின்றனர். அதே வாக்கியங்களை எந்தப் பணிக்கும் கீழே ஒட்டலாம். அதனால்தான் அவற்றுக்குப் பயனில்லை. டப்பாவின் அகலம் எவ்வளவு, பையின் அடி எவ்வளவு, சாய்ந்தது எப்போது, அடுத்து எதை மாற்றினேன் என்று எழுதினால் அது அந்த மாணவருடையது. இணையத்திலிருந்து இறக்கிய படங்களால் பத்துப் பக்கத்தை நிரப்புவோருக்கும் இதுவே பொருந்தும்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிள்ளை நன்றாக வரைகிறது என்று உறவினரிடம் பெருமையாகச் சொல்பவர்கள், அதையே படிக்கப் போகிறேன் என்றால் முகம் மாறிவிடுகிறார்கள். இந்த மாணவியின் தந்தையும் கணக்கியல் படித்தால் போதும் என்கிறார். 2020 முதல் படிவம் 4-இல் அறிவியல், கலை என்ற பிரிப்பு நீக்கப்பட்டதால் பாடங்களைக் கலந்து எடுக்க வாய்ப்பு விரிந்திருக்கிறது. ஆனால் பள்ளியில் அந்தப் பாடத்திற்கு ஆசிரியரும் போதிய மாணவர்களும் இருந்தால்தான் வகுப்பு நடக்கும்.

வரைகலை, உட்புற வடிவமைப்பு, அசைவூட்டம் போன்ற துறைகளுக்கு விண்ணப்பிக்கும்போது பல உயர்கல்விக் கூடங்கள் படைப்புத் தொகுப்பைக் காட்டச் சொல்கின்றன. நேர்முகத்தேர்வில் இதை ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்வி வரும். கிழித்தெறிந்த பக்கங்களை அப்போது திரும்ப வரைய முடியாது. ஆகவே ஒவ்வொரு வரைவிலும் தேதி எழுதிவைப்பது, பழுதான மாதிரிகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது, சோதித்த துணி, அட்டை, நிறத் துண்டுகளை ஓர் உறையில் போட்டு வைப்பது ஆகிய மூன்றையும் படிவம் 4-இலேயே தொடங்கிவிட வேண்டும்.

தந்தையிடம் இன்னும் முடிவான பதில் வரவில்லை. பையை மட்டும் அம்மா நாள்தோறும் வேலைக்கு எடுத்துச் செல்கிறார். உடன் வேலை செய்யும் இரண்டு பெண்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் எனக் கேட்டிருக்கிறார்கள். அவர்களின் டப்பா அளவுகள் ஏட்டின் அடுத்த பக்கத்தில் குறிக்கப்பட்டுள்ளன.