பல்லுறுப்புக்கோவைச் சார்பின் படியும் பூச்சியங்களும்

பல்லுறுப்புக்கோவைச் சார்பு ஒன்றில் மாறியின் மிக உயர்ந்த அடுக்கு அதன் படி எனப்படும். சார்பின் மதிப்பைப் பூச்சியமாக்கும் மாறியின் மதிப்புகள் அதன் பூச்சியங்கள் எனப்படும். படியைப் பார்த்த அளவில் கூறிவிடலாம்; பூச்சியங்களைத் தேடித்தான் காணவேண்டும். எத்தனை பூச்சியங்களுக்கு மேல் தேட வேண்டியதில்லை என்பதைப் படி காட்டுகிறது. இக்கட்டுரையில் மாறி ‘ம’ எனவும் சார்பு ப(ம) எனவும் குறிக்கப்படுகின்றன.

படி காணல்

கோவையைச் சுருக்கிய பின்னரே படியைக் கூறவேண்டும். (ம + 1)³ − ம³ என்பது முப்படிக் கோவைபோலத் தோன்றும். விரித்தால் ம³ நீங்கி 3ம² + 3ம + 1 கிடைக்கும். எனவே படி 2. காரணிகளின் பெருக்கமாக இருப்பின் அவற்றின் படிகளைக் கூட்டினால் போதும்: (ம² + 1)(ம³ − ம) என்பதன் படி 5.

பூச்சியங்கள் காணல்

எடுத்துக்காட்டு: ப(ம) = 2ம³ − 3ம² − 3ம + 2

கெழுக்கள் முழு எண்களாக இருப்பதால், விகிதமுறு பூச்சியம் இருப்பின் அதன் தொகுதி மாறிலி உறுப்பையும் (2), பகுதி தலையாய கெழுவையும் (2) மீதியின்றி வகுக்கும். ஆகவே ±1, ±2, ±1/2 ஆகியவற்றைச் சோதித்தால் போதும்.

* ப(−1) = −2 − 3 + 3 + 2 = 0. காரணித் தேற்றப்படி (ம + 1) ஒரு காரணி.
* வகுத்தால் ஈவு 2ம² − 5ம + 2 = (2ம − 1)(ம − 2).
* பூச்சியங்கள்: −1, 1/2, 2.

படிக்கும் பூச்சியங்களுக்கும் உள்ள தொடர்பு

இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தின்படி, படி 1 அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு கோவைக்கு, சிக்கலெண்களையும் மடங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால், படியின் அளவே பூச்சியங்கள் உண்டு. ம³ − 3ம + 2 = (ம − 1)²(ம + 2) என்பதில் 1 இருமடங்குப் பூச்சியம்; அங்கு வரைபடம் கிடை அச்சைத் தொட்டுத் திரும்பும், −2 இல் வெட்டிச் செல்லும். மெய்யெண் கெழுக்கள் கொண்ட ஒற்றைப்படிக் கோவைக்குக் குறைந்தது ஒரு மெய்ப் பூச்சியமாவது இருக்கும். ம⁴ + 1 போன்ற இரட்டைப்படிக் கோவைக்கு ஒன்றுகூட இல்லாமலும் போகலாம்.

வாய்பாட்டின் எல்லை

இருபடிக்கு வாய்பாடு உண்டு. முப்படி, நாற்படிக் கோவைகளுக்கான தீர்வுமுறைகளைக் கார்டானோ 1545 இல் நூலாக வெளியிட்டார். ஐந்தாம் படிக்கு நாற்கணிதச் செயல்களாலும் மூலங்களாலும் அமைந்த பொது வாய்பாடு இல்லை என நார்வே கணிதவியலாளர் ஏபெல் 1824 இல் நிறுவினார். பூச்சியங்கள் இல்லை என்பது இதன் பொருளன்று; அவற்றை நியூட்டன் முறை போன்ற தோராய முறைகளால் வேண்டிய துல்லியத்துக்குக் கணிக்கலாம்.