உங்களுக்குத் தெரியுமா?

கொழும்பு கிருலப்பனைச் சந்தி நெரிசலில் இன்றும் கண்ணில் படும் மாருதி 800 காரின் எஞ்சின், பந்தயத் திடலிலும் சீறிப் பாய்ந்திருக்கிறது!

கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் 1988இல் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’ ஒருவர் மட்டுமே அமரும் திறந்த பந்தயக் கார். வீட்டுக் காரில் முன்னால் இருக்கும் 796 சிசி எஞ்சின், இதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனது. இடம் மாறினால் எஞ்சினைத் தாங்கும் பிடிமானம், கியர் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் புதிதாக வெட்டி, வெல்டிங் செய்தாக வேண்டும். கராஜில் கார் கட்டும் எவருக்கும் உண்மையான சோதனை இங்கேதான். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு ஃபார்முலா மாருதி வழி திறந்தது. 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது இதைத்தான்.

கராஜில் கார் கட்ட இன்னொரு வழியும் உண்டு: உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவது. அத்தகைய கார்களில் புகழ்பெற்றது, 1957இல் பிரிட்டனில் வந்த லோட்டஸ் செவன். அப்போது அங்கே முழுக் காருக்கு வரி உண்டு, உதிரிகளுக்கு இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும். அதனால் அந்நிறுவனம் காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தது. வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தே காரைப் பூட்டினார்கள்!