ஏணி வழுக்கினால் பிழை யாருடையது?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில், எங்கள் எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவுக்கு ஏறத்தாழ ஒரே வகைக் காயங்களுடன் பலர் வந்து சேர்வது வழக்கம். ஒட்டடை அடிக்க ஏறியவர், பரணிலிருந்து பித்தளைப் பானையை இறக்க ஏறியவர், மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறியவர் என்று காரணங்கள் வேறுபடும். ஏறிய கருவி பெரும்பாலும் ஒன்றே. அது வீட்டு ஏணி.

அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் 64 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர். குதிகால் எலும்பும் முதுகெலும்பில் ஒன்றும் முறிந்திருந்தன. சிகிச்சையில் அவர் மெல்லத் தேறினார். அவருடைய துணைவியார்தாம் தேறவில்லை. கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தவர் அவரே. "நான் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தால் இவர் விழுந்திருக்க மாட்டார், டாக்டர்" என்று நாங்கள் நோயாளியைப் பார்க்கச் சென்ற ஒவ்வொரு நாளும் சொல்லிக் கண் கலங்கினார்.

அந்த ஏணியைப் படம் எடுத்து வருமாறு அவர்களுடைய மகனிடம் கூறினோம். பத்தடி நீளமுள்ள அலுமினிய ஏணி. அதன் ஒரு காலில் ரப்பர் உறை இல்லை. மற்றொரு காலின் உறை தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. நின்ற இடம் பளபளப்பான டைல்ஸ் தரை. விழுந்த அன்று ஏணியின் அடிப்பகுதி சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இருந்ததாக மகன் தெரிவித்தார். அந்த அம்மையாருக்கு அன்று நாங்கள் அளித்த விளக்கத்தையே இங்கு அனைவருக்கும் தருகிறோம்.

கைகளால் தடுக்க இயலாத விசை

சுவரில் சாய்த்த ஏணியில் ஒருவர் ஏறும்போது, அவருடைய எடையின் ஒரு பகுதி ஏணியின் அடியை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. மேலே செல்லச் செல்ல இந்த விசை வளர்கிறது. பத்தடி ஏணியின் அடி சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இருந்து, 70 கிலோ எடையுள்ளவர் அதன் உச்சியை எட்டினால், அடியைத் தள்ளும் விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு நிகராகும். அதே ஏணியின் அடியை இரண்டரை அடி தொலைவில் வைத்திருந்தால் அவ்விசை 18 கிலோ அளவே இருக்கும்.

கீழ்ப்படிகளில் அசையாமல் நின்ற ஏணி, உச்சியை நெருங்கியதும் திடீரென வழுக்குவதன் காரணம் இதுவே. ஏறியவர் அசைந்ததாலோ பிடித்தவர் கவனம் சிதறியதாலோ மட்டும் அது நிகழ்வதில்லை. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையை அடைய ஒரு விநாடிகூட ஆவதில்லை. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரை எட்டிவிடும். நின்றபடி ஏணியைப் பிடித்திருக்கும் ஒருவரின் கைகள் அந்த விசையையும் வேகத்தையும் தடுத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

காலூன்றி விழுவோருக்கு முதலில் நொறுங்குவது குதிகால் எலும்பு. அதே தாக்கம் கால்கள் வழியே மேலேறி, மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சந்திக்கும் இடத்தில் அமுக்க முறிவை ஏற்படுத்தக்கூடும். குதிகால் மட்டுமே வலிக்கிறது என்று கூறுவோருக்கும் முதுகை நாங்கள் பரிசோதிப்பது இதனால்தான்.

நல்ல ஏணியின் அமைப்பு

ஏணியின் அமைப்பு நெடுங்காலமாகச் சிறிது சிறிதாகத் திருத்தப்பட்டு வந்துள்ளது. அமெரிக்காவின் டேட்டன் நகரைச் சேர்ந்த ஜான் பால்ஸ்லி என்னும் தச்சர், மடக்கு ஏணிக்கான தமது திருத்தத்துக்கு 1862ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இன்று ஏணி வாங்குவோர் கவனிக்க வேண்டிய கூறுகள் பின்வருமாறு.

கால்கள்: ஒவ்வொரு காலிலும் வரிப்பள்ளங்கள் கொண்ட, அகன்ற ரப்பர் பாதம் இருக்க வேண்டும். சாய்வு ஏணியில் அப்பாதம் சாய்வுக்கேற்பத் திரும்பித் தரையில் முழுதும் படிவது சிறப்பு. விளிம்பு மட்டும் தரையைத் தொட்டால் பிடிமானம் குறையும்.

அடி அகலம்: பக்கவாட்டில் கவிழ்வதைத் தடுப்பது அகன்ற அடிப்பகுதியே. ஐரோப்பியத் தரவிதியான இ.என். 131, 2018ஆம் ஆண்டு முதல் மூன்று மீட்டருக்கு மேல் நீளமுள்ள சாய்வு ஏணிகளுக்கு அகன்ற அடிப்பகுதியையோ, அடியில் பொருத்தும் குறுக்குச் சட்டத்தையோ கட்டாயமாக்கியது. வாங்கும் ஏணியில் இத்தகைய சட்டம் உள்ளதா என்று கேளுங்கள்.

படிகள்: உருண்டைக் கம்பிகளைவிடத் தட்டையான, சொரசொரப்பான படிகள் பாதத்தை நன்கு தாங்கும். உருண்டைக் கம்பியில் நெடுநேரம் நிற்கும்போது பாதத்தின் நடுப்பகுதி வலியெடுத்து, கால் மாற்றும் வேளையில் நிலை தடுமாறுகிறது.

பூட்டு: மடக்கு ஏணியின் இரு பக்கங்களையும் இணைக்கும் கைகள் முழுதும் விரிந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பாதி விரித்த ஏணி எந்நேரமும் மடங்கலாம்.

மேடையும் கைப்பிடியும்: மின்விசிறி துடைப்பது போன்ற வேலைகளுக்கு இரு கைகளும் தேவைப்படுகின்றன. அகன்ற மேடையும், மேடைக்கு மேல் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பியும் உள்ள ஏணி இதற்கு ஏற்றது. முதியோர் உள்ள வீடுகளுக்கு இதனையே பரிந்துரைக்கிறோம்.

பொருள்: அலுமினியம் இலேசானது, எனினும் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்கு அருகில் அதனைக் கொண்டுசெல்லவே கூடாது. மின்சார வேலைகளுக்குக் கண்ணாடியிழை ஏணியே உகந்தது. அதுவும் ஈரமோ அழுக்கோ இன்றி இருக்க வேண்டும்.

எடுத்துச் செல்லும் வசதி: இது வெறும் சொகுசு அன்று. ஏணி கனமாக இருந்தால் அதை எடுத்து வரச் சலித்து, நாற்காலியின்மேல் முக்காலியை வைத்து ஏறுவோர் பலர். வீட்டில் உள்ள வயதானவரால் தூக்கக்கூடிய ஏணியே உண்மையில் பயன்படுத்தப்படும். ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய் ஏணிகள் சிறிய வீடுகளுக்கு வசதியானவை. ஆனால் நீட்டிய ஒவ்வொரு பகுதியும் பூட்டிக்கொண்டதைக் கண்ணால் கண்டபின்பே ஏற வேண்டும். மடக்கும்போது விரல் நசுங்காமலும் காத்துக்கொள்ள வேண்டும்.

இருக்கும் ஏணியைச் சீர்செய்ய

புதிய ஏணி வாங்க எல்லோராலும் இயலாது. தேய்ந்த ரப்பர் பாதங்களுக்கு மாற்று வன்பொருள் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். அதை முதலில் மாற்றுங்கள். வளைந்த, விரிசல் கண்ட ஏணியை விட்டுவிடுங்கள். மர ஏணிக்கு வண்ணம் பூசாதீர்கள். பூச்சு விரிசலை மறைத்துவிடும்.

சாய்வு ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஏணியின் அடியில் கால்விரல்கள் படுமாறு நேராக நின்று கைகளை முன்னே நீட்டும்போது, உள்ளங்கைகள் தோள் உயரத்தில் உள்ள படியைத் தொட்டால் சாய்வு சரியானது. மொட்டை மாடிக்கு ஏறுவதாயின், ஏணி சுவரின் விளிம்பைத் தாண்டி மூன்றடி உயர்ந்திருக்க வேண்டும். அதன் தலைப்பகுதியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஏறியபின் வயிறு இரு பக்கச் சட்டங்களுக்கு இடையிலேயே இருக்கட்டும். எட்டவில்லையெனில் இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

உடல்நிலையையும் எண்ணுங்கள்

இரத்த அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகள் தலைசுற்றலைத் தரக்கூடும். கழுத்தை அண்ணாந்து மேலே நோக்கும்போதே சிலருக்குத் தலை சுழலும். தூரத்துக்கும் அருகுக்கும் சேர்த்து அணியும் மூக்குக் கண்ணாடியில் கீழ்ப்படி மங்கித் தோன்றும். எலும்பு மெலிவு உள்ளோருக்குச் சிறு உயரத்திலிருந்து விழுந்தாலும் முறிவு ஏற்படும். இவற்றுள் ஒன்று இருப்பினும் ஏணி வேலையை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரைக் கைகளைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அவ்வாறு தூக்குவதே நரம்புகளைச் சிதைத்துவிடலாம். கழுத்தும் முதுகும் அசையாமல் படுத்திருக்கச் செய்து, 108ஐ அழையுங்கள். கால்களில் மரத்துப்போதல், வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை தென்பட்டால் வரும் ஊழியரிடம் மறவாமல் கூறுங்கள்.

இவை அனைத்தையும் விளக்கி, "நீங்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் அந்த ஏணி அன்று வழுக்கியிருக்கும்" என்று அந்த அம்மையாரிடம் கூறினோம். அவர் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமொழி எதுவும் கூறவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு ஆசிரியர் கைத்தடியுடன் நடந்து வந்தார். உடன் வந்த துணைவியார் பழைய வருத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. கடையில் இரண்டு ஏணிகளைப் பார்த்து வைத்திருப்பதாகவும், இரண்டில் எதன் அடி அகலம் போதுமானது என்றும் எங்களிடம் கேட்டார்.